மிஸ்டரை வீட்டுக்கு அனுப்பியவர்களுக்கு இன்று அவருடைய படம் வேண்டுமாம்

மிஸ்டர் போய்விட்டார். இன்று காலை, டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரத்து முதியோர் இல்லக் கட்டிலில்...

பெயர் ரெனாற்றோ. இத்தாலியில் பயிற்சியாளரை வீரர்கள் "மிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்களாம். இங்கே எங்கள் உதைபந்தாட்டக் கழகத்திலும் அப்படியே கூப்பிட வைத்தார். அவர் மனேஜராக இருந்த காலம் முழுவதும் நான் துணைப் பயிற்சியாளர். பகலில் மீன் ஃபக்டரி, பின்னேரம் மைதானம்.

செய்தி கேட்டு ஒரு மூச்சு அழுவதற்குள் கழகத் தலைவர் போன் எடுக்கிறார். "உங்களிட்ட அவரின்ரை நல்ல படம் ஒண்டு இருக்குமே? எங்கட பேஜில போடவேணும். எங்கட லெஜண்ட் எல்லோ."

லெஜண்ட்!

"கிளப் சுவரில இருந்து கழட்டின படம் எங்கை? அதைத் தேடிப் போடுங்கோ" என்று டேனிஷில் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். உடனே இதை எழுதத் தொடங்கினேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

பலருக்கு அவரைத் தெரியாது. சொல்கிறேன்.

இளம் வயதில் இத்தாலியில் இரண்டாம் டிவிஷன் ஸ்ட்ரைக்கர். கோர்னர் பந்து வந்தால் தலைதான், கோல்தான். பெரிய கழகங்கள் விசாரிக்கத் தொடங்கிய நேரம் முழங்கால் வீங்கியது. அங்கிருந்த பயிற்சியாளர் வலி தெரியாமல் ஊசி போட்டு ஆட்டத்தில் இறக்கினாராம். "இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்று.

அந்தக் கொஞ்ச நேரத்தோடு முழங்கால் போச்சு, பெரிய கழகம் எல்லாம் போச்சு.

பிறகுதான் டென்மார்க். சின்னக் கழகம், கடல் காற்று, பக்கவாட்டாக அடிக்கும் மழை... அந்தக் காலோடும் கோல் அடித்தார். சனம் அவரைப் பார்க்கவே வந்தது. கிர்ஸ்டனைக் கலியாணம் கட்டி இங்கேயே இருந்துவிட்டார். விளையாட்டை விட்டதும் அதே கழகத்துக்கு மனேஜர்.

இனிமையான மனுசன் என்று பொய் சொல்லமாட்டேன். கத்துவார். போத்தலை எறிவார். டேனிஷ் கோப்பியைக் குடித்துவிட்டு, போட்டவரை முறைத்துப் பார்ப்பார்.

ஒருநாள் மனைவியோடு போனில் நான் "ஓம்... ஓம்... ஓம்" என்றதைக் கேட்டுவிட்டு, "என்ன, தியானம் செய்யிறியோ?" என்றார். எங்கள் பாஷையில் சம்மதம் சொல்லும் சொல் என்று விளக்கினேன்.

அடுத்த மட்சில் நடுவர் எது சொன்னாலும் கையைக் கூப்பி "ஓம், ஓம்" என்றார். தன்னை ஏதோ கெட்ட வார்த்தையால் ஏசுகிறார் என்று நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். வீடு போகும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

இனி அந்த மட்ச்.

சீசனின் கடைசி ஆட்டம். சமநிலையில் முடித்தாலே டிவிஷனில் தங்கிவிடலாம். மாற்று வீரர்கள் எல்லோரையும் இறக்கியாகிவிட்டது. எங்கள் ஸ்ட்ரைக்கர் ஜொனாஸ் எதிரணிக்காரனோடு தலை மோதி விழுந்தான். எழும்பினான். "எனக்கு ஒண்டும் இல்லை" என்றான்.

பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். "நாங்கள் எந்தப் பக்கம் அடிக்கிறம்?"

மிஸ்டருக்கும் அது கேட்டுவிட்டது. அவனைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிவந்து வாங்கில் இருத்தினார்.

இதே தலைவர் பார்வையாளர் மேடையில் இருந்து ஓடி வந்தார். "அவன் விளையாடுறன் எண்டுதானே சொல்லுறான்! இன்னும் கொஞ்ச நேரம்தானே!"

மிஸ்டர் கத்தவில்லை. அன்றைக்கு மட்டும் கத்தவில்லை. "அந்தக் கொஞ்ச நேரத்தை எனக்குத் தெரியும்" என்றார். "இவன் வேலைக்குப் போகவேணும். நாளைக்குப் பிள்ளையள் பிறந்தால் அதுகளின்ரை பேர் ஞாபகம் இருக்கவேணும். நீங்கள் போய் இருங்கோ."

ஒரு ஆள் குறைய விளையாடினோம். முடியும் தறுவாயில் கோல் வாங்கினோம். கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம்.

அடுத்த கிழமை நிர்வாகக் கூட்டம். தோற்றதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பவில்லையாம். "ஒத்துழைப்பு இல்லை"யாம்! இவரை அனுப்பினால் நானும் போகிறேன் என்றேன். "உங்கட விருப்பம்" என்றார்கள். போய்விட்டேன். சுவரில் இருந்த அவருடைய படமும் கொஞ்ச நாளில் போய்விட்டது. பேப்பருக்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? "இரு தரப்பும் மனமொத்துப் பிரிந்தனர்."

மனமொத்து... தூ!

அதற்குப் பிறகு எந்தக் கழகமும் கூப்பிடவில்லை. பிடிவாதக்காரன் என்று பெயர் பரவிவிட்டது. கடைசியில் மறதி நோய். காலமெல்லாம் தலையால் அடித்த பந்துகள்தான் காரணமோ என்று கிர்ஸ்டன் கேட்டார். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டொக்டர்.

என் மனைவி ரஜனிக்கு அவர் இருந்த முதியோர் இல்லத்தில்தான் வேலை. மிஸ்டருக்கு டேனிஷ் முழுக்க மறந்து, இத்தாலியன் மட்டும் மிஞ்சியிருந்தது. கழகத்தில் இருந்து ஒரு பூங்கொத்து? ஒரு கார்ட்? நிர்வாகத்தில் ஒருத்தராவது எட்டிப் பார்த்தார்களா?

ஜொனாஸ் வந்தான். இப்போது எலெக்ட்ரீஷியன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். மிஸ்டருக்கு அவனை யாரென்றே தெரியவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படாமல் பக்கத்தில் இருந்து கேக் வெட்டிக் கொடுப்பான்.

"உந்தப் பெடியன் வந்தால் மட்டும் மனுசன் ஒழுங்காச் சாப்பிடுறார்" என்பாள் ரஜனி.

சற்று முன் கிர்ஸ்டன் பேசினார். பெட்டி தூக்க ஆட்கள் அனுப்பட்டுமா, கழகக் கொடி போர்த்தலாமா என்று தலைவர் அவரிடமும் கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?" என்றேன்.

"வேண்டாம் எண்டிட்டன். ஜொனாஸ் போன் எடுத்தவன். அந்தக் கடைசி மட்ச் விளையாடின பெடியள் எல்லாரும் பெட்டி தூக்க வாறாங்களாம். ஓராள் ஓகூஸ் பட்டினத்தில இருந்து லீவு போட்டிட்டு வாறான்."

இவ்வளவுதான் எழுத முடிகிறது.

கோபத்தோடுதான் அனுப்புகிறேன், மிஸ்டர்... போயிட்டு வாங்கோ.