ஐஸ் வேலையோடு பூட்டு வேலை

1. கல்லடி வீட்டுக் கதவு

ஃபக்டரி மனேஜர் கல்லடி ஊரில் உள்ள தன் வீட்டுக் கதவைத் திறந்து தரச் சொன்னார். நான் திறக்கவில்லை. பூட்டு வேலையைப் பகுதிநேரமாக எடுப்பதா விடுவதா என்று அதுவரை எனக்குத் தெளிவில்லை. அந்தக் கதவடியில்தான் முடிவு வந்தது. அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாவிக் கரையில் உள்ள ஒரு ஐஸ் ஃபக்டரியில் வேலை. கேனில் உறைந்த கட்டியை இறக்க வேண்டும், உடைக்க வேண்டும், மீன்காரரின் பெட்டிகளுக்கு நிரப்பிக் கொடுக்க வேண்டும். வீடு நாவற்குடாவில். வீடு என்னுடையது அல்ல, மனைவி யோகேஸ்வரியுடையது. எங்கள் பக்கம் கலியாணத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். ஆண் அங்கே போய் இருப்பான்.

2. பொழுதுபோக்கு

இங்கே உப்புக் காற்று. கொண்டியில் தொங்கவிடுகிற ஆமைப்பூட்டு இரண்டு மழை கண்டால் இறுகிவிடும். சனம் உடைத்து எறிந்துவிட்டுப் புதிது வாங்கும். எறிந்ததைப் பழைய இரும்பு வாங்குகிறவரிடமிருந்து எடுத்து வந்து, வேலை முடிந்த பிறகு கழற்றிப் பார்ப்பேன். உள்ளே பின் என்கிற சின்ன உலோகக் குச்சிகள் இருக்கும், ஒவ்வொரு பின்னுக்கும் மேலே ஸ்பிரிங் இருக்கும். திறப்பு, அதாவது சாவி, உள்ளே போனால் ஒவ்வொரு பின்னையும் அதனதன் அளவுக்குத் தூக்கும். எல்லாம் சரியான உயரத்துக்கு வந்தால் சிலிண்டர் சுற்றும். திறப்பு செய்கிறதைக் கம்பியாலும் செய்யலாம். குடைக் கம்பியை அரத்தில் தேய்த்து எடுத்தேன். முதல் பூட்டு திறந்த அன்று திரும்பப் பூட்டித் திறந்து பார்த்தேன், தற்செயலாக இருக்குமோ என்று. திறந்தது.

அயலுக்குத் தெரிய வந்தது. திறப்பைத் தொலைத்தவர்கள் வந்தார்கள். காசு வாங்கவில்லை. கொஞ்சம் மீன், ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான்.

பிறகு டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். காத்தான்குடிக்காரர். அங்கே அண்ணனை நானா என்பார்கள், நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். திறப்பு வெட்டுகிற மெஷின் ஒன்று வாங்கிக் கடை முன்னுக்கு வைக்கிறேன், பின்னேரங்களில் வந்து இருங்கள், வருகிறதில் பாதி உங்களுக்கு என்றார். வீடுகளில் கதவு திறக்கக் கூப்பிட்டாலும் போகலாம் என்றார்.

எனக்கு ஆசைதான். வீட்டில் சொன்னேன். யோகேஸ்வரி அரிசி களைந்துகொண்டு இருந்தாள்.

“ஊருக்குள்ள களவு போனா பொலிஸ் முதல்ல ஆர்ர வீட்ட வருவான்?” என்று கேட்டாள். பதிலையும் அவளே சொன்னாள். “இஞ்சதான் வருவான். இது என்ட வீடு.”

அவள் சொன்னதில் பிழை இல்லை. சும்மா திறந்து கொடுத்தால் கெட்டிக்காரன் என்பார்கள். காசு வாங்கித் திறந்தால், எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் என்னைத்தான் நினைப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஃபக்டரியில் ஷிஃப்ட் மாறி மாறி வரும். பின்னேரம் கடையில் இருப்பதென்றால் எனக்கு எப்போதும் காலை ஷிஃப்ட் வேண்டும். அதைத் தரக்கூடியவர் மனேஜர் ஒருவர்தான். கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நானாவிடம் பதில் சொல்லாமல் காத்திருந்தேன்.

3. மனேஜர் கூப்பிட்டார்

ஒரு சனிக்கிழமை பகல் மனேஜர் எனக்குப் போன் எடுத்தார். கல்லடி வீட்டுத் திறப்பு தொலைந்துவிட்டது, கம்பியைக் கொண்டு வா என்றார். சைக்கிளில் போனேன். வேலிப் படலைக்கு வெளியே ஒரு ஆட்டோ நின்றது. மனேஜர் முதல் நாள் போட்ட அதே சேர்ட்டோடு வாசலில் நின்றார்.

கதவைப் பார்த்தேன். கதவோடு உள்ள பூட்டு ஒன்று. அதற்கு மேலே புதுக் கொண்டி அடித்து, அதில் ஒரு ஆமைப்பூட்டு. கொண்டியின் ஆணிகளில் துரு இல்லை. பூட்டும் மினுங்கியது. திறப்புத் தொலைந்த வீடு அப்படி இருக்காது. ஒருவர் உள்ளே போகக்கூடாது என்று இன்னொருவர் போட்ட பூட்டு அது.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். எல்லாரும் ரீச்சர் என்போம். வீடு ரீச்சருக்குச் சீதனமாக வந்தது. மனேஜரும் என்னைப் போலக் கலியாணம் முடித்து அங்கே வந்தவர்தான்.

“ரீச்சர் எங்க சேர்?” என்று கேட்டேன்.

“தாய் வீட்ட போயிருக்கா. நீ திற.”

“ஒருக்கா அவவுக்குப் போன் எடுத்துத் தாங்க. அவ சொன்னாத் திறக்கிறன்.”

“எடுக்கமாட்டா.” குரலைத் தணித்துச் சொன்னார். “என்ட உடுப்பெல்லாம் உள்ள கிடக்கு.”

பாவமாக இருந்தது. அவர் சொன்னது பொய்யல்ல, உடுப்பு உள்ளேதான் இருந்திருக்கும். அந்த இனப் பூட்டை நான் அதற்கு முன் திறந்ததும் இல்லை. கை அரித்தது. கம்பி பொக்கெற்றில் இருந்தது. திறந்தால் காலை ஷிஃப்ட் கிடைக்கும், நானாவின் கடை கிடைக்கும். திறக்காவிட்டால் இரண்டும் இல்லை. இது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது.

ரீச்சரின் தாய் வீடு எங்கே என்று சொன்னால் நானே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அது அவருக்குச் சுட்டுவிட்டது.

“என்ட பொண்டாட்டிட்ட நீ தூது போகப்போறியா? நீ ஐஸ் உடைக்கிறவன். கோட்டுல இருக்கிற நீதவான் இல்ல.”

“ஓம் சேர். வீடு அவவிட. அவ ஒரு சொல்லுச் சொல்லட்டும்.”

“அப்ப போ. ஷிஃப்ட் கதைய இனிக் கதைக்க வராத.”

ஆட்டோக்காரர் எங்களைப் பார்க்காமல் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் சைக்கிளை எடுத்தேன்.

வீட்டில் வந்து சொன்னேன். யோகேஸ்வரி கேட்டுக்கொண்டு இருந்தாள். சோறு போட்டுத் தந்தாள். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

“கடையில இருந்து செய்யிறதெண்டாச் செய்ங்க. இஞ்ச படலையடிக்கு ஒருத்தரும் வரப்படாது. வீட்டுக் கதவெண்டா அந்த வீட்டுப் பொம்பிளையக் கேக்காமத் திறக்கப்படாது.”

ஓம் என்றேன்.

4. ஷிஃப்ட் மாறியது

திங்கட்கிழமை போனேன். என் பெயர் பின்னேர ஷிஃப்டில் இருந்தது. அந்தக் கிழமைக்கு மட்டும் அல்ல, இனி எப்போதும் பின்னேரம்தான் என்று கிளார்க் சொன்னார். நான் மனேஜரிடம் கேட்கப் போகவில்லை. சில நாள் கழித்து மனேஜரும் ரீச்சரும் ஒன்றாகிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவரே மாமியார் வீட்டுக்குப் போய்க் கதைத்தாராம். என்னுடைய ஷிஃப்ட் மாறவில்லை.

நானாவிடம் போனேன். பின்னேரம் வர முடியாது என்று சொல்லி முடிக்க முன்னம் அவர் கேட்டார்.

“கல்லடிக்குப் போய்த் திறக்காம வந்த ஆள் நீங்களா?”

“ஓம் நானா.”

“ஆட்டோக்காரன் டவுன் முழுக்கச் சொல்லித் திரியிறான்.”

நான் எழும்பப் பார்த்தேன். கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

“இரிங்க. ஆளக் கூலிக்குப் பிடிக்கலாம். இப்பிடி ஆளப் பிடிக்க ஏலாது. பின்னேரம் ஏலாட்டி எப்ப ஏலும்?”

காலையில் வருகிறேன் என்றேன். காலையில் சனம் குறைவு, வருமானமும் பாதிதான் வரும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன்.

தொடங்கிய பிறகு ஒன்று கண்டேன். ஐஸ் தூக்கிவிட்டு வந்தால் விரல் மரத்துப்போகும், பின் அசைகிறது தெரியாது. நான் கேட்ட ஷிஃப்ட் கிடைத்திருந்தால் ஒவ்வொரு நாளும் மரத்த விரலோடுதான் பூட்டைத் தொட்டிருப்பேன். அதை ஷிஃப்ட் கேட்கும்போது நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

5. காசு வாங்கித் திறந்த முதல் கதவு

கடையில் இருந்த முதல் கிழமை ஒருவர் வந்தார். வீட்டுக் கதவை இழுத்துச் சாத்தியதும் அது பூட்டிக்கொண்டதாம், திறப்பைக் காணவில்லையாம். மனைவி கல்முனை பஸ்ஸில் போய்க்கொண்டு இருக்கிறார். கூடப் போனேன். கதவடியில் நின்று, மனைவிக்குப் போன் எடுக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

நான் யார் என்று சொன்னேன். உங்கள் வீட்டைத் திறக்கலாமா என்று கேட்டேன்.

“திறப்பு அந்தாள்ர பழைய சேட்டுப் பையில கிடக்கும். நல்லாத் தேடச் சொல்லுங்க.”

“பழைய சேட்டு உள்ள கிடக்காம் தங்கச்சி.”

பஸ் சத்தத்துக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது.

“சரி, திறந்து விடுங்க. அடுப்படிக்குள்ள செருப்போட போக வேணாமெண்டு அந்தாளுக்குச் சொல்லுங்க.”

நான் பூட்டில் கை வைக்க முன்னமே அவர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கைப்பழக்கம் வரும். இருந்து பழகினால் எல்லாருக்கும் வரும். அது வந்துவிட்டது என்பதற்காக வேலையை எடுக்காதீர்கள். எந்தக் கதவை, யார் சொன்னாலும் திறக்க மாட்டேன் என்று முதலில் முடிவெடுங்கள். அதனால் எது கையை விட்டுப் போகும் என்றும் பாருங்கள். போனாலும் பரவாயில்லை என்று தோன்றினால் வாருங்கள். நான் அப்படித்தான் வந்தேன்.