பல் முளைத்த படம்

போன வாரம் மருமகன் ஒரு டிவி வாங்கி வந்தான். அகலம் என் கட்டிலைவிடப் பெரிது, தடிமனோ சுவரில் மாட்டும் காலண்டர்தான். அதற்கு அவன் அடித்த தம்பட்டம் கிள்ளான் வரைக்கும் கேட்டிருக்கும்.

"மாமா, அத்தையோட பழைய வீடியோ டேப்ப கடையில குடுத்து டிஸ்க்ல போட்டுட்டேன். வந்து பாருங்க லா."

அத்தை என்றால் என் மனைவி. போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. மகளின் பிறந்தநாளுக்கு எடுத்த அந்த ஒரே டேப்பில்தான் அவள் நடமாடுகிறாள். பார்த்தேன். பாயசக் கரண்டியோடு அவள் திரும்பியதும் கை, கன்னம், சேலை முந்தானை எல்லாவற்றின் ஓரத்திலும் சீப்புப் பல் முளைத்துவிட்டது.

"டேப் பழசாம் மாமா. அப்படித்தான் வரும்னு கடைக்காரன் சொன்னான்."

"டேப் எங்கே?"

"பூஞ்சை புடிச்சிருந்துச்சு. அவனே தூக்கிப் போட்டுட்டான்."

கடைச் சுவரில் மூன்று சான்றிதழ் மாட்டியிருப்பான், சந்தேகமே இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. எங்கள் காலத்துப் படம் முழுசாக வராது ஐயா. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படைக் கோடுகள் முதலில், அடுத்த நொடித்துளியில் இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படைக் கோடுகள். பழைய டிவியின் கண்ணாடிக் குழாய் அந்த இரண்டு பாதியையும் மாற்றி மாற்றிக் காட்டும், கண் சேர்த்துக்கொள்ளும். இந்தப் புதுப் பலகை டிவிக்கோ முழுப்படமும் ஒரே அடியில் வேண்டும். அந்த மேதாவி இரண்டு பாதியையும் அப்படியே ஒட்டிவிட்டான். நடுவில் அசைந்த கை இரண்டு இடத்தில் நிற்காதா? போதாதென்று படத்தைச் சுருக்கி, கோடுகளை ஒன்றோடொன்று கலந்து வேறு வைத்திருக்கிறான். இனி யாராலும் பிரிக்க முடியாது.

புது டிவியின் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியபோது, பிரிக்பீல்ட்ஸில் நான் வைத்திருந்த டிவி கடையில் ஈயம் உருகும் வாடை ஞாபகம் வந்தது. கலர் டிவி வந்த புதிது. கடை திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ரயில்வேயில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் ஒரு போட்டோவை மேசையில் வீசினார். தீபாவளி நிகழ்ச்சியில் அவர் மகள் ஆடியதை டிவிக்கு முன்னால் நின்று கேமராவில் எடுத்திருக்கிறார். அப்போது எல்லாரும் செய்ததுதான். போட்டோவில் மகளுக்கு இடுப்புக்கு மேலே ஒரே இருட்டு.

"நீர் எனக்கு அரை டிவியையெல்லோ வித்திருக்கிறீர்! லண்டனிலை படிச்ச என்ர மூத்த மருமகன் சொல்லுறான், பெட்டி பழுதாம்."

தெருவே எட்டிப் பார்த்தது. அவர் வாயால் இன்னொரு தடவை 'அரை டிவி' என்றால் நான் ஷட்டரை இறக்கிவிட்டுக் கேரி தீவுத் தோட்டத்துக்குச் செம்பனைக் குலை வெட்டப் போக வேண்டியதுதான்.

"பெட்டி பழுதில்ல அங்கிள். உங்க கேமராதான் அவசரக்குடுக்கை. படம் பாதி வரையிறதுக்குள்ள கண்ண மூடிக்குது."

ஞாயிற்றுக்கிழமை மறுஒளிபரப்பு. கேமராவை மெதுவான வேகத்துக்குத் திருப்பி, அவர் வீட்டுக் கூடத்தில் ஸ்டூலில் வைத்தேன். லண்டன் மருமகன் கைகட்டி நின்றான். மெதுவாக எடுத்தால் ஆடுகிற பெண்ணுக்கு நாலு கை வருமே என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

"நீங்க எப்பங்க அசையாம நிப்பீங்க?"

"கடைசியிலை கும்பிடேக்கை மட்டும்தான்," என்று சிரித்தாள்.

கும்பிட்டபோது எடுத்தேன். முழு முகம், கண் மை உட்பட. லண்டன்காரன் போட்டோவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெரியவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த மகளைத்தான் எனக்குக் கட்டிக்கொடுத்தார்.

கண்ணாடிக் குழாய் டிவி ஒன்று இருந்தால் இந்த டிஸ்க்கையே அதில் போட்டு ஆறுதல்பட்டிருப்பேன் என்று சொல்லமாட்டேன். கெடுத்தது கெடுத்ததுதான். கடைசியாக இருந்த ஒன்றையும் மருமகன் பழைய இரும்பு லோரியில் ஏற்றிவிட்டான். இப்போது தினமும் அந்த டிஸ்க்கைப் போடுகிறேன். அவள் அசையாமல் நிற்கும் இடத்தில் பல் இருக்காதே என்று தேடுகிறேன்.

அவள் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.