ஜுலைகாவுக்கு வந்த நல்ல செய்தி

பூந்தமல்லியில் அந்த வீட்டின் காலிங்பெல்லைப் பிடுங்கிப் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. குக்கர் விசில் அடிக்கும் முன்பே அம்மா அடுப்பை அணைத்துவிடுவார். எல்லாம் இளைய மகள் மஹீராவுக்காக. போன் மணி அடித்ததும் மயங்கி விழுந்த நாளிலிருந்து அவளுக்குத் தினம் இளநீர், வாழைப்பழம். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைத்துவிட்டு வரும் அக்கா ஜுலைகாவுக்கு ஆறிப்போன டீ.

"நானும் ஒரு தபா மயங்கி வுழுந்தா தெரியும்" என்று ஜுலைகா முணுமுணுப்பாள்.

அக்காவையும் பரிசோதிக்க வேண்டும் என்று மஹீராவைப் பார்க்கும் டாக்டர் அழைத்தார்.

"இதய செல்லோட சுவர்ல, பொட்டாசியம் வெளிய போறதுக்குச் சின்னச் சின்ன வழி இருக்கு. நாலு புரதம் வட்டமாச் சேர்ந்து நிக்கும், நடுவுல துளை. ஒவ்வொண்ணுலயும் மின்சாரத்தை உணர்ற ஒரு கை. துடிக்கும்போது உள்ள மின்னழுத்தம் ஏறும், கை நகரும், துளை திறக்கும். பொட்டாசியம் வெளிய போனதும் அழுத்தம் இறங்கி, செல் ஓய்வுக்கு வரும், துளை மூடிக்கும். மஹீராவுக்கு அந்தப் புரதத்துல பாதி கோணலா உருவாகுது. நாலுல ஒண்ணு கோணலானாலே துளை சரியா வேலை செய்யாது. ஓய்வு தாமதமாகுது. அப்போ திடீர்னு சத்தம் கேட்டா துடிப்பு தாறுமாறாகிடும். அக்கா தங்கச்சிக்கு இது சேர்ந்தே வரலாம்."

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த ஜுலைகாவுக்குள் வெட்கங்கெட்ட ஓர் ஆசை இருந்தது. தனக்கும் இருந்தால் அம்மா தன் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பாரே.

முடிவு வந்தது. அவளுக்கு ஒன்றுமில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்ற அம்மா, உடனே மஹீராவின் மாத்திரையைத் தேடப் போனார். ஜுலைகா மொட்டை மாடிக்குப் போய் அழுதாள். மஹீரா மெல்லப் படியேறி வந்தாள்.

"இன்னாக்கா, நல்ல சேதிக்கு அழுவற?"

"உனக்கு இன்னா தெரியும்? ஊடே உன்னச் சுத்திதான கீது."

மஹீரா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு ஒண்ணுமில்லன்னதும் எனக்கு வயிறு எரிஞ்சிச்சுக்கா. நீ பஸ் பின்னால ஓடற. நெனச்ச எடத்துக்குப் போற. என்னப் பொண்ணு பாத்தவங்க திரும்பிக்கூட வரல. பாத்ரூம் கதவக்கூட நான் தாப்பா போட முடியாது."

ஜுலைகா எழுந்து, தங்கையின் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தாள்.

பொறாமை அன்றோடு போய்விடவில்லை. கல்யாணமாகித் திருநின்றவூரில் இருக்கும் ஜுலைகாவைப் பார்க்க வரும் அம்மா இன்றைக்கும் மஹீராவின் பேச்சையே எடுப்பார். ஜுலைகாவின் முகம் சுண்டிவிடும். சற்றுப் பொறுத்து, "மாத்திரையெல்லாம் வுடாம போட்றாளா?" என்று அவளே கேட்பாள்.