மார்க்கர் மாமாவும் பத்துப் பந்தும்

மட்டையைக் கையில் எடுக்கும்போது பிஸ்மி சொல்ல வேண்டும் என்று எனக்குப் பழக்கியவர் என் மாமா. அதே மட்டையால் பொய் சொல்லப் பழக்கியவரும் அவர்தான். இரண்டையும் நல்ல மனசோடுதான் செய்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பல்லாவரத்தில் எங்களோடுதான் இருந்தார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காலனிச் சங்கத்தின் டென்னிஸ் மைதானத்தில் அவருக்கு மார்க்கர் வேலை. விடியற்காலையில் போய் செம்மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, சுண்ணாம்பில் கோடு போட வேண்டும். ஜோடி இல்லாமல் வருகிற மெம்பர்களோடு ஆடவும் வேண்டும். ஆடுவது பெரிய காரியமில்லை, அவர்கள் மனம் நோகாமல் தோற்பதுதான் பெரிய காரியம். ரிட்டயரான பெரியவர்கள் அவரை ஜெயித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். அப்படித் தோற்றுத் தோற்றே மாமாவுக்கு அந்த மைதானத்தில் நல்ல பெயர்.

சனி ஞாயிறுகளில் என்னையும் மின்சார ரயிலில் கூட்டிக்கொண்டு போவார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மெம்பர்கள் போனபிறகு, சாயங்கால மஃரிப் பாங்குக்கு முன்னால் கிடைக்கிற அரைமணி நேரம் எனக்கு. மாமா மைதானத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தால் நான் வெளியே ரோட்டோரச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருப்பேன். என் மட்டை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸிகளுக்கும் சைக்கிள் செயின்களுக்கும் நடுவே அம்மா கண்டெடுத்தது. நரம்பெல்லாம் அறுந்து கிடந்ததை மாமாதான் கட்டிக் கொடுத்தார். தலைப்பக்கம் ஒரு விரிசல் இருந்தது. பந்து வேகமாகப் பட்டால் கை முழங்கை வரை அதிரும்.

அந்த வருஷம் சங்கத்தில் பெண்களுக்கும் லீக் வைத்தார்கள். சின்னவர் பெரியவர் எல்லாரும் ஒன்றாக ஆடலாம், ஆனால் மூன்று தரம். மூன்றாம் தரம் புதிதாகக் கற்றவர்களுக்கு. செக்ரட்டரி சார் ஒவ்வொருவருக்கும் பத்துப் பந்து போடச் சொல்லி, ஆடுவதைப் பார்த்துத் தரம் எழுதிக்கொள்வார். நோட்டீஸ் போர்டில் இரண்டு விதிகள் இருந்தன. நடுவில் ஒருவர் ஆட்டம் அவர் தரத்துக்கு மேலே என்று தெரிந்தால் மேல் தரத்துக்கு மாற்றப்படுவார், அதுவரை ஜெயித்தது கணக்கில் வராது. வேண்டுமென்றே தரத்தை மறைத்தால் அவருக்கும், உடந்தையாக இருந்தவருக்கும் இந்த மைதானத்தில் இடமில்லை.

மூன்றாம் தரத்துக்குப் பரிசு, உறையோடு ஒரு புது மட்டை.

மாமா அந்த மட்டையைப் பார்த்தார். என் மட்டையையும் பார்த்தார். ரயிலில் வரும்போது என் காதில் சொன்னார்: "பத்துப் பந்துல ஏழ வெளிய வுடு. ரெண்ட நெட்ல போடு. ஒண்ணு மட்டும் உள்ள போட்டா போதும்."

அது பொய்யில்லையா மாமா என்று கேட்டேன். "வாயத் தொறந்து நீ இன்னா சொன்னே? ஒண்ணும் சொல்லலியே. நான் டெய்லி பண்றதுதான் இது" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மதரஸாவில் ஹஸ்ரத் நாக்கைப் பற்றித்தான் அதிகம் எச்சரித்திருந்தார். மறுமையில் வாய் மூடிக் கை பேசும் என்றும் சொல்லியிருந்தார், அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

பத்துப் பந்து அன்று மாமா சொன்னதைவிட நன்றாகவே கெடுத்தேன். ஒரு பந்து வேலியைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டது. தன் முறைக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா எழுந்துபோய் எடுத்துவந்து கொடுத்தார். கோவிலம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர், தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆட்டத்துக்குப் புதியவர். பந்தை என் கையில் வைத்துவிட்டு, "கை வலிக்குதாம்மா?" என்று கேட்டார். இல்லையே என்றேன். சரி என்று போய் உட்கார்ந்தார்.

எனக்கு மூன்றாம் தரம் கிடைத்தது.

முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தேன். சந்தேகம் வராமலிருக்க நடுநடுவே விட்டுக்கொடுக்கவும் மாமா சொல்லியிருந்தார். கடைசி ஆட்டம் அந்த நர்ஸ் அக்காவோடு. எங்கள் லீக்கில் நடுவர் கிடையாது. அவரவர் பக்கம் விழுகிற பந்தை அவரவர்தான் உள்ளே, வெளியே என்று சொல்ல வேண்டும். நான் அடித்த இரண்டு பந்து கோட்டோரம் விழுந்தது. வெளியே என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்கா குனிந்து மண்ணில் தடத்தைப் பார்த்து, "உள்ளதாம்மா, உன் பாயிண்ட்" என்றார் இரண்டு தடவையும்.

மூன்றுக்கு இரண்டு என்று இருந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. உறை போட்ட மட்டை மேசைமேல் கண்ணுக்கு நேரே இருந்தது. வரிசையாக நான்கு பந்து, நான்கும் மூலைக்கு. அக்காவின் மட்டை ஒன்றையும் தொடவில்லை.

அவர் அடுத்த பந்துக்கு நிற்கவில்லை. மட்டையைத் தரையில் வைத்துவிட்டு நேராக செக்ரட்டரி சாரிடம் போனார்.

"சார், ஒரு கம்ப்ளெய்ன்ட்."

மாமா தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தார். குழாய்த் தண்ணீர் அவர் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது, அவர் பார்க்கவில்லை. அவருக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். பெண் வீட்டில் முதலில் கேட்டதே வேலை நிரந்தரமா என்றுதான்.

"இந்தப் பொண்ண எப்படி சார் மூணாம் தரத்துல போட்டீங்க?" என்றார் அக்கா. "மார்க்கர் வீட்டுப் பொண்ணுதானேன்னு பத்துப் பந்தோட முடிச்சிட்டீங்க. சின்னப் பொண்ணு, அத்தனை பேரு பாக்கறாங்கன்னு பயந்திருக்கும். எங்களோட ஆட வேண்டிய பொண்ணா இது? அதுக்கு எவ்ளோ அவமானம் சார்?"

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மாமா பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

மாமா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "அவர் எப்படி சார் சொல்வாரு? சொந்தக்காரப் பொண்ணத் தூக்கி விடறான்னு நீங்களே பேச மாட்டீங்களா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாரும் சிரித்துவிட்டார். கண் தப்பிவிட்டது என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டு, என் பெயரை இரண்டாம் தரத்தில் எழுதினார். விதிப்படி நான் ஜெயித்ததெல்லாம் அழிந்தது. புது மட்டை நர்ஸ் அக்காவுக்குப் போனது. எனக்கு எல்லாரும் கை தட்டினார்கள். நான் அழுதேன். தரம் உயர்ந்த சந்தோஷத்தில் பிள்ளை அழுகிறது என்றார்கள்.

 மாமா பல்லாவரத்தில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகாமல் பள்ளிவாசலுக்குப் போனார். செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், விரிசல் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். தொழுதவர்கள் எல்லாரும் வெளியே வந்து செருப்பு மாட்டிப் போய்விட்டார்கள். மாமா மட்டும் வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. "இனிமே எல்லாப் பந்தையும் உள்ளயே போடு" என்றார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் இரண்டாம் தரத்தில் ஆடின எல்லா ஆட்டத்திலும் தோற்றேன். எல்லாமே நிஜமான தோல்வி. அடுத்த வருஷம் இரண்டு ஆட்டத்தில் ஜெயித்தேன், அதுவும் நிஜம். ஆனால் நர்ஸ் அக்காவை மட்டும் மன்னிக்கவில்லை. நல்ல பேச்சுப் பேசி என் மட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மாமா மீதும் கோபம். அந்த அக்கா ஸ்கூட்டரை நிறுத்துவதைப் பார்த்தால், காலையில் போட்ட கோடு பளிச்சென்று இருந்தாலும், சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு போய் மறுபடி ஒருமுறை போடுவார். மெம்பருக்கு ஐஸ் வைக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அல்ஹம்துலில்லாஹ், மாமாவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்றைக்கும் அவர் கோடு போடுகிறார். போன மாதம் என் மகளை லீக்கில் சேர்க்கப் போனேன். இப்போது ஃபோனிலேயே படிவம். உங்கள் தரம் என்ன, நீங்களே குறியுங்கள் என்று கேட்டது. மகள் விரலை வைத்துக்கொண்டு, எதம்மா போடறது என்று என் முகத்தைப் பார்த்தாள். இருக்கிறதைப் போடு என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் அந்தச் செம்மண்ணும் பெஞ்சும், பந்தை நீட்டிய கையும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன.

அந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறாரோ, தெரியாது. ஐந்து வேளையும் கையேந்தும்போது அவருக்காகவும் கேட்கிறேன். சாயங்கால டியூட்டிக்கு அவர் ஸ்கூட்டரில் போகிற வழி, நான் சுவரில் பந்தடித்த அந்த ரோடுதான். கை வலிக்கிறதா என்று அவர் கேட்டபோது, நர்ஸ் என்பதால் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஒழுங்காக அடிப்பதை முன்பே பார்த்தவர்தான் அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்க முடியும்.