மீமிசல் பஸ்ஸில் ஒரு சிபாரிசுக்காரர்

“முடிச்சிட்டீங்களா, பாதியில நிக்கிறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே டிக்கெட்டைக் கிழிக்கிறார் ஆத்மநாதன். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் வாத்தியாரின் மடியில் கிடக்கிற நாவலைப் பற்றிய கேள்வி அது. வாத்தியார் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறாராம். “அப்ப கதையைச் சொல்லிராதீங்க. நல்லாருக்கா, யாரு கையில குடுக்கலாம், அதை மட்டும் சொல்லுங்க” என்று சில்லறையை நீட்டிவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்கிறார்.

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல் போகும், பெட்ரோல் பஞ்சத்தில் கரி வாயுவால் ஓடுகிற கரி பஸ்ஸுக்கு அவர் கண்டக்டர். பஸ்ஸின் கூரைக்கு அவர் உயரம் ஒத்துவராது. அதனால் கழுத்தை வலப்பக்கம் சாய்த்தபடிதான் நிற்பார். வருஷக்கணக்காக அப்படி நின்று, கடைவீதியில் வெட்டவெளியில் நடந்து போகும்போதும் கழுத்து சாய்ந்தேதான் இருக்கிறது. யாரோ காதில் ரகசியம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே போகிறவர்போல் தோன்றும்.

அவர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். இந்தப் பாதையில் ஊருக்கு ஒருவர் இருவராகப் புத்தகம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. புதுக்கோட்டையில் சர்வே இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற சோலையப்பன், கல்வெட்டு ஆராய்ச்சி, இலக்கணம், அகராதி என்று கனமானவற்றையே வாங்குவார். மீமிசலில் கருவாட்டு வியாபாரி மூக்கனுக்குத் துப்பறியும் கதையும், படித்து அழக்கூடிய குடும்பக் கதையும் வேண்டும். நடுவில் வாத்தியார்கள், ஒரு கணக்கப்பிள்ளை, வீட்டுப் பெண்கள் சிலர். ஒருவர் படித்ததை இன்னொருவரிடம் சேர்ப்பதும், கூடவே படித்தவர் சொன்ன அபிப்பிராயத்தைச் சேர்ப்பதும் ஆத்மநாதன் தானாக ஏற்றுக்கொண்ட வேலை. பின்சீட்டுக்கு அடியில், கயிறும் ஸ்பானரும் கிடக்கும் பெட்டியில், மெழுகுசீலையில் சுற்றிப் புத்தகங்களை வைத்திருப்பார்.

ஒருமுறை மூக்கனுக்கு என்ன தோன்றியதோ, துறைமுகங்களைப் பற்றிய ஆராய்ச்சி நூல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படித்தார். சோலையப்பனிடம் அது திரும்பி வந்தபோது முகர்ந்து பார்த்துவிட்டு, “இது எந்தப் பாண்டியன் காலத்து மீனுப்பா?” என்று கேட்டார். ஆத்மநாதன் சிரிக்காமல், “மூக்கன் அண்ணன் ரெண்டு தரம் படிச்சாராம். அதான் வாடை கூட” என்றார்.

அவர் எதைப் படித்திருக்கிறார் என்று நான் கேட்டதுண்டு. அலுவல் காரியமாக அறந்தாங்கிப் பக்கம் அடிக்கடி போகிறவன் என்பதால் எனக்கு அந்த உரிமை உண்டு. “நமக்கு எங்கிட்டுங்க நேரம்? படிச்சவுக சொல்றதைக் கேட்டாலே பாதி படிச்ச மாதிரி” என்றார். அதில் அவருக்கு வெட்கமில்லை. அரிசி மூட்டை ஏற்றுகிறவன் ஒவ்வொரு மூட்டையையும் சமைத்துப் பார்க்கவா முடியும் என்பது அவருடைய வாதம். இந்த வாதம் நாற்பத்திரண்டாம் வருஷக் கோடை வரைக்கும் செல்லுபடியாயிற்று.

ஆவுடையார்கோவிலில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்வீடு செவந்தியுடையது. அவள் கணவன் பிச்சைமுத்து ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் வேலையாக இருந்தான். மாமியார் ராக்காயியும் அவளும் மட்டும் வீட்டில். தொடர்கதைகளைப் பைண்டு செய்த புத்தகங்கள் என்றால் செவந்திக்கு உயிர். ரங்கூனில் ஜப்பான்காரர்கள் குண்டு போட்ட பிறகு பிச்சைமுத்துவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பாவம், மனசு வேறு பக்கம் திரும்பட்டும் என்று ஆத்மநாதன் ஒரு நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். “மூக்கன் அண்ணன் சிபாரிசு தாயி. கீழ வைக்க முடியலையாம்” என்று சொல்லிக் கொடுத்தார்.

மறுநாள் பஸ் நின்றதும் ராக்காயி புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியருகே வந்தாள்.

“ஏப்பா, நீ இதைப் படிச்சியா?”

“இல்ல ஆத்தா.”

“நானும் படிக்கல. எனக்கு எழுத்துத் தெரியாது. எம் மருமக விடிஞ்சதிலேருந்து தண்ணிகூட குடிக்கல. இனிமே எங்க வீட்டுக்கு ஒண்ணும் கொண்டாராத.”

அவள் சத்தம் போடவில்லை. அதனால்தான் பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ஆத்மநாதன் புத்தகத்தை வாங்கிப் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். மீமிசலில் பஸ் திரும்பும்வரை பனைநிழலில் உட்கார்ந்து அதைப் படித்தார். அன்று முடியவில்லை, அடுத்தடுத்த நாட்களும் படித்தார். கடல் கடந்து போன கணவனின் கப்பல் மூழ்குகிறது. செய்தி வந்த அன்றே மனைவிக்கு வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள். நூறு பக்கத்துக்கு அவள் அழுகிறாள்.

மூக்கனிடம் அவர் சண்டைக்குப் போகவில்லை. “நல்ல கதைதாண்ணே. ஆனா அந்தப் புள்ளைக்கு இல்ல” என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் பல வாரம் பெட்டியில் புத்தகமே இல்லை. யாராவது கேட்டால், “ஸ்பானர்தான் இருக்கு, வேணுமா?” என்பார்.

இடையில் பர்மாவிலிருந்து நடந்தே வருகிறார்களாம் என்ற பேச்சு ஊருக்குள் வந்தது. காடு, மலை, மணிப்பூர் என்று ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒருநாள் செவந்தியே வாசலுக்கு வந்தாள். ஆத்மநாதன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, மணிப்பூருங்கிறாகளே, அது ரங்கூனுக்கு எங்கிட்டு இருக்கு?”

அவருக்குத் தெரியாது. “கேட்டுட்டு வாரேன் தாயி” என்றார். அந்தக் கேள்வியைச் சோலையப்பனிடம் கொண்டுபோனபோது நானும் உடன் இருந்தேன். சோலையப்பன் அலமாரியைத் திறந்து பெரிய தேசப்படப் புத்தகம் ஒன்றை எடுத்தார். அவர் வீட்டில் எவரும் தொடாத புத்தகம் அது. எழுத்தெல்லாம் இங்கிலீஷில். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலைச் சீவி, ஒவ்வோர் ஊர்ப்பெயருக்குப் பக்கத்திலும் குண்டு குண்டாகத் தமிழில் எழுதினார். ரங்கூன், மாந்தளை, காலேவா, தாமு, மணிப்பூர். ஆறு எது, மலை எது என்றும் எழுதினார்.

“அந்தப் பொண்ணு எத்தனை நாள் வச்சிருக்கணுமோ வச்சிருக்கட்டும்” என்றார்.

ஆத்மநாதன் இம்முறை சிபாரிசு எதுவும் சொல்லவில்லை. ராக்காயியிடம் போய், “ஆத்தா, இதுல கதை இல்ல. வழி மட்டுந்தான் இருக்கு” என்று நின்றார். கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டாள்.

அதிலிருந்து ரயிலிறங்கி வருகிற பர்மாக்காரர் எவர் பஸ்ஸில் ஏறினாலும் ஆத்மநாதன் டிக்கெட்டுக்கு முன்பே ஊரையும் மில்லையும் விசாரிப்பார். இந்தப் பக்கத்து ஆட்கள் ஒருவரைப் பிடித்து ஒருவராக ஒரே மில்லுக்குப் போவது வழக்கம். ஆகவே, எலும்பும் தோலுமாய் ஒருவர் ஒருநாள் ஏறி, “மீமிசல் ஒண்ணு, பேரு முனியசாமி, ரங்கூன்லேருந்து வாரேன்” என்றபோது, பிச்சைமுத்துவைத் தெரியுமா என்று கேட்டதற்கு ஆமாம் என்ற பதில் வந்ததில் அதிசயமில்லை. ஆனால் ஆமாம் என்றவர் உடனே தலையைக் குனிந்துகொண்டார். ஆத்மநாதன் அதற்குமேல் கேட்கவில்லை. அறந்தாங்கியில் அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். முனியசாமி சாப்பிட்டு முடித்ததும் ஆத்மநாதன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஆவுடையார்கோவில்ல அவரு சம்சாரம் இருக்கு.”

“தெரியும்ணே. நான் எப்படிப் போயிச் சொல்லுவேன்? என்னைய வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுருங்க. பொறவு ஒருநாள் வந்து சொல்றேன்.”

“அந்தப் புள்ள தினம் வண்டி வாரப்ப வாசல்ல நிக்கிது. வண்டிக்குள்ள நீங்க குனிஞ்சு உக்காந்திருந்தா, நாளைக்கு அது மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?”

ஆவுடையார்கோவிலில் டிரைவர் கரி போட இறங்கினார். ஆத்மநாதன் கை கொடுக்க, முனியசாமியும் இறங்கினார். அன்று அதே வண்டியில் வந்த நானும் பின்னால் போனேன்.

ரங்கூனிலிருந்து வந்தவர் என்று ஆத்மநாதன் சொன்னதும் செவந்தி தரையில் தேசப்படத்தை விரித்தாள். அழவோ அலறவோ செய்வாள் என்று பயந்திருந்தோம். முனியசாமியின் முகத்தைப் பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“எந்த ஊருல?” என்றாள்.

முனியசாமிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். விரல் மாந்தளையிலிருந்து மெல்ல நகர்ந்தது. காலேவா தாண்டியது. தாமுவுக்குச் சற்று முன்னால் நின்றது.

“இங்கன. வாந்திபேதி. எல்லாருக்கும் வந்திச்சு தாயி.”

“மலையா, சமதரையா?”

“மலை அடிவாரம். ஓடை ஒண்ணு ஓடுச்சு.”

“தண்ணி குடிச்சாரா?”

“நான்தான் கோரிக் குடுத்தேன். குடிச்சாரு. பொறவு, நீ நட, நான் வாரேன்னாரு. நான் கூடவே இருந்தேன். எல்லாம் முடிஞ்சு, கல்லு அடுக்கிட்டுத்தான் வந்தேன்.”

செவந்தி அந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். பஸ் புறப்படத் தயாராகி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ராக்காயி சுவரில் தலையைச் சாய்த்து, சத்தமில்லாமல் மகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். செவந்தி உள்ளே எழுந்து போய், ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து முனியசாமியிடம் நீட்டினாள். அதை வாங்கியபிறகுதான் அந்த மனிதர் உடைந்து அழுதார்.

ஒரு மாதம் கழித்துத் தேசப்படம் சோலையப்பனிடம் திரும்பிற்று. தாமுவுக்கு அருகில், செவந்தி விரல் வைத்த இடத்தில், மஞ்சள் கறை ஒன்று இருந்ததாம். பென்சில் எழுத்தை அழிக்கட்டுமா என்று ஆத்மநாதன் கேட்டாராம். சோலையப்பன் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

செவந்தி அந்த வருஷம் முழுக்க எதையும் படிக்கவில்லை. பிறகு அவள் கேட்டு அனுப்பியது கதைப் புத்தகம் இல்லை. “வாந்திபேதி வந்தா என்ன செய்யணும்னு எழுதின புஸ்தகம் இருக்கா அண்ணே?” என்றாளாம். புதுக்கோட்டையில் தேடி, சுகாதாரக் கையேடு ஒன்றை ஆத்மநாதன் கொண்டுவந்தார். கொடுப்பதற்கு முன் அட்டை முதல் அட்டை வரை தானே படித்தார். “கண்ணு வலிக்குது, ஆனா நல்ல புஸ்தகம்” என்று என்னிடம் சொன்னார். இப்போதெல்லாம் தான் படிக்காததை அவர் யாருக்கும் தருவதில்லை. அதனால் பெட்டியில் கூட்டம் குறைந்துவிட்டது. மூக்கனுக்கு இதில் வருத்தம். “இந்த வேகத்துல நீ படிச்சு நான் எப்பப் படிக்க?” என்கிறார். பழைய பழக்கத்தில் எவராவது “நல்லாருக்கா?” என்று கேட்டால், “வீட்டுல எல்லாரும் சௌக்கியந்தானே?” என்று எதிர்க்கேள்வி போடுகிறார். பதில் வந்தபிறகுதான் மெழுகுசீலையைப் பிரிக்கிறார்.

சென்ற வாரம் நான் அந்த வண்டியில் போனேன். ஆவுடையார்கோவிலில் செவந்தி கையேட்டுடன் நின்றிருந்தாள். யுத்தம் முடிந்துவிட்டது, காது ஓரம் அவளுக்கு நரை தெரிந்தது.

“மீமிசல்ல முனியசாமி அண்ணன் வீட்டுல சேத்துருங்க. சின்னப் புள்ளைக்கு வயித்தால போகுதாம். தண்ணியைக் கொதிக்க வச்சு ஆற வச்சுக் குடுக்கச் சொல்லுங்க. கஞ்சித் தண்ணியும் விட்டு விட்டுக் குடுக்கணும். எல்லாம் இதுல இருக்கு. நான் படிச்சுட்டேன், நல்ல புஸ்தகம்னு சொல்லுங்க.”

“சொல்றேன் தாயி.”

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. எத்தனையோ பேர் நீட்டுகிற புத்தகங்களைப் படியில் நின்றபடி ஒற்றைக் கையால் பறிக்கிற மனிதர், அன்று படியைவிட்டுத் தரையில் இறங்கினார். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.