நம்பர் போட்ட சாமந்தி

தேயிலை பறிக்கப் போகும் பெண்கள் காலையில் எங்கள் வீட்டைக் கடப்பார்கள். வேலி வரும்வரை பேச்சும் சிரிப்பும் கேட்கும். வேலியை ஒட்டி நடக்கையில் ஒரு சத்தமும் இருக்காது. வேலி முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஈரோட்டில் அக்கம்பக்கத்தார் என்னைப் பற்றிப் பேசினால் என் காதில் விழும்படிதான் பேசுவார்கள். கேமரன் மலையின் இந்த மௌனம் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

எழுபதுகளின் கடைசியில், எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவருக்கு மனைவியாகி, கடல் தாண்டி இங்கே வந்தேன். ஊரில் துணிச்சாயத் தொழிலில் டிப்ளோமா படித்து, சாயப்பட்டறை ஒன்றின் ஆய்வறையில் வேலை பார்த்தவள். இங்கே எனக்குக் கிடைத்த பாஸில் தங்கலாம், வேலை செய்யக் கூடாது. அதனால் ஆபீசுக்குப் பின்னால் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸ் கொல்லையில் சாயச்செடிகள் போட்டேன். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி, மஞ்சளுக்குத் துலுக்கச் சாமந்தி. குளிரில் அவுரி குன்றிப்போயிற்று. மஞ்சிட்டி வேர் முற்ற வருடங்கள் ஆகும். சாமந்தி மட்டும் செழித்தது. அதில் பாதி ஊரிலிருந்து வந்த விதை, பாதி கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு சீனர் தோட்டத்தில் வாங்கியது. ஒரே மண்ணில் வளர்ந்தால் இரண்டும் ஒரே மஞ்சளைத் தருமா? அதைக் கண்டுபிடித்துவிட்டால், படித்த படிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது என்று நம்பிக்கொள்ளலாம். ஈரமான பக்கம் ஒரு விதைக்கே சாதகமாகிவிடக் கூடாதென்று இரண்டையும் கலந்து நட்டேன். பிஸ்கட் டின்னை வெட்டி, எந்த விதை என்று காட்டும் எண்ணை ஆணியால் கீறி, ஒவ்வொரு செடியின் அடியிலும் குத்தினேன். பட்டறையில் சீட்டு இல்லாத நூல்கழியை மேஸ்திரி கூடையில் எறிந்துவிடுவார். எங்கிருந்து வந்ததென்று தெரியாத நிறத்தால் யாருக்கும் பயனில்லை என்பார்.

பூ விடும் சமயத்தில் தகடுகள் காணாமல் போகத் தொடங்கின. செடி ஒன்றுகூட ஒடியவில்லை. திருடனுக்கு எண்கள் மட்டுமே வேண்டியிருந்தன. கோழி, பிள்ளைகள், மழை என்று மனதுக்குள் வரிசை போட்டு ஒவ்வொன்றாக அடித்தேன். மிஞ்சியது செல்லம்மா. பறிக்கும் கூட்டத்தில் முன்னால் நடப்பவர், வேலியோரம் அவர் நடை மெதுவாகும். ஒரு காலையில் வழிமறித்தேன்.

“அக்கா, என் தகரத்தையெல்லாம் நீங்களா எடுத்தீங்க?”

“எனக்கெதுக்கு கிராணியம்மா தகரம்? பல்லு குத்தவா?” கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “நீங்க சொல்லுங்க, இது என்னா கன்னு?”

“துணிக்குச் சாயம் போடற செடிங்க அக்கா.”

“சாயம் தானா ராத்தா டவுன் கடையில பாக்கெட்டுல விக்கிறான்லா. அதுக்குப் போயி ஆபீஸ் பின்னாடி நம்பர் போட்டு வளப்பாங்களா?”

“எம் புள்ளைக்குப் பேரு வைக்கவே நேரமில்ல, இங்க பூவுக்கு நம்பராம்” என்றாள் பின்னால் ஒருத்தி.

செல்லம்மா குரலைத் தாழ்த்தினார். “எந்தம்பி கீழ ரப்பர் எஸ்டேட்டுல இருந்தான். அங்கயும் ஆபீஸ் பின்னாடிதான் மொதல்ல கன்னு வந்துச்சு. இதே மாதிரி நம்பரு. சும்மா வளத்துப் பாக்குறோம்னாங்க. அப்பறம் ரப்பர சாச்சுட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டான். பாதிப் பேருக்கு வேல இல்ல, லயத்து வீட்டக் காலி பண்ணுன்னுட்டான். எங்க கண்ணு ஒண்ணும் குருடு இல்லம்மா.”

என்னைக் கம்பெனியின் ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். கோபத்தோடு கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றியபடி, “நம்ம வீட்டுல என்னா போட்டுருக்கோம்னு துரையும் கேட்டாருலா” என்றார். கோபம் போய்விட்டது. செல்லம்மா பயந்தது நடந்துவிடுமோ என்ற எண்ணம் அதன் இடத்தில் வந்தது.

சில நாட்களில் எஸ்டேட் மேனேஜரான துரையே வந்தார். இந்த நாட்டுக்காரர்தான், ஆனாலும் அந்த நாற்காலியில் இருப்பவருக்குத் துரை என்றே பெயர். இது விலைபோகும் சரக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் படிப்பைப் பற்றி ஒருவர் கேட்கிறாரே என்று ஆசையாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், “கீழ்ச்சரிவில் கிழட்டுத் தேயிலை நிற்கிறதே, அங்கே வருமா?” என்றார். கீழ்ச்சரிவு செல்லம்மா கூட்டம் பறிக்கும் இடம். அவர்கள் கூடைகளோடு வேலியோரம் வந்துவிட்டிருந்தார்கள், வழக்கம்போலச் சத்தமில்லாமல்.

அவர்களுக்கும் புரியட்டும் என்று மலாயில் சொன்னேன்: “தாக் போலே, துவான்.” முடியாது ஐயா.

அவர் என் முன்னால் கொத்துக்கொத்தாகப் பூத்து நின்ற சாமந்தியைப் பார்த்தார். தம் ஆங்கிலம் எனக்கு எட்டவில்லை என்று எண்ணி, சிறுபிள்ளைக்குச் சொல்வது போல அதே கேள்வியை மலாயில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். “தாக் போலே” என்றேன் மறுபடி. ஒன்றும் தெரியாதவள் என்று முடிவுகட்டிச் சிரித்துவிட்டுப் போனார். பேச்சுக்குக் கேட்டாரா, மனதில் ஏக்கர் கணக்குப் போட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மீதித் தகடுகளை அந்தப் பெண்கள் பார்க்க நானே பிடுங்கினேன். மறுநாள் செல்லம்மா வேலியைத் தாண்டி வந்து, “சாமிக்கு ரெண்டு பூ பறிச்சுக்கவா?” என்றார். கை பூவைப் பறித்தது. கண் செடியின் அடியில் தகடு தேடியது. என் தகடுகளை எடுத்தது அவர்தானா என்று நானும் பிறகு கேட்கவில்லை.

செடி செடியாகப் பூவைப் பறித்து, படிகாரம் ஏற்றிய நூலைத் தனித்தனியாக முக்கினேன். இரண்டு விதமான மஞ்சள் வந்தது, ஒன்று பளிச்சென்று, மற்றது சற்றே கருத்து. என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, ஆனால் தகடு இல்லாமல் எது எந்த விதையின் நிறம் என்று சொல்ல வழியில்லை. ஊர் விதைப் பூவின் சாயத்தில் முக்கியெடுத்த நூலை அனுப்புவதாக அம்மாவுக்கு எழுதியிருந்தேன். இரண்டு மஞ்சள்களும் ஒரே கொடியில், பனியில் காயாமல் சொட்டிக்கொண்டிருந்தன. எதை ஊருக்கு அனுப்புவது, எதை இங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் கீழே நின்றேன்.