ஸ்டேஷன் எப்போ வரும்?

போன வெள்ளிக்கிழமை காலை நம் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு மாடு படுத்துவிட்டது.

மாடு படுப்பதெல்லாம் ஒரு செய்தியா? இல்லைதான். ஆனால் இது படுத்தது நடுரோட்டில், பாரவண்டியில் பூட்டியபடியே. பின்னால் ரிக்‌ஷாக்கள் வரிசை கட்டி நின்றன. ஒரு சீனத் தவுக்கே முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, இறங்கி நடந்தே போய்விட்டார். ஆபீஸ் அவசரத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக வந்த நான், மெல்ல ஓரமாக நழுவப் பார்த்தேன்.

"ஸ்டேஷன் மாஸ்டரே! ஓடாதீங்க!" என்று வண்டிக்காரன் கத்தினான். "இது நீங்க கொண்டு வந்த மாடுதானே? இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொல்லி எழுப்பிட்டுப் போங்க லா!"

ரோடே சிரித்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் கிராணி, வெறும் குமாஸ்தா. ரயிலுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் டேங்க் ரோடு ஸ்டேஷனில் டிக்கெட் வாங்குவதோடு சரி. இந்தப் பட்டம் எப்படி வந்தது என்று வாசகர்கள் பலர் நேரில் கேட்கிறீர்கள். சிரித்துக்கொண்டு கேட்கிறீர்கள் – அதாவது தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள். ஊரில் உலவும் கதையில் பாதி கலப்படம். ஆகவே என் தரப்பையும் கேளுங்கள்.

தேக்காவில் வண்டிக் காண்டிராக்டர் வேலாயுதம் அண்ணனைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஆற்றங்கரைக் கிட்டங்கிகளிலிருந்து அரிசி மூட்டை ஏற்றுகிற வண்டிகளில் முக்கால்வாசி அவருடையவை. ஒரு மழைக்காலத்தில் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தது. கொட்டகையே காலி. வண்டிகள் ஏர்க்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றன. வண்டிக்காரர்கள் காலையில் வந்து, காலிக் கொட்டகையைப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் ஒரு துரை, திமில் உள்ள மாடுகளை வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டார். இந்தியாவிலிருந்து எப்போதோ கப்பலேறிய நம் மாடுகளின் பேரன் பேத்திகள். திமில் இருந்தால்தானே நம் நுகத்தடி நிற்கும்?

"கிராணி, நீ கூட வா. எனக்குப் பாஷை வராது. மாடு இல்லாமத் திரும்பினேன்னா இந்த ஆளுங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

ஆங்கிலத்தில் எனக்கு நிகர் தேக்காவில் இல்லை என்பது அப்போது பொதுவான அபிப்பிராயம். அப்படி நினைத்தவர்களில் நானும் ஒருவன். ஆபீசில் லீவு சொல்லிவிட்டுக் கப்பலேறினேன்.

அந்தத் தேசத்தில் ஒரு வழக்கம் உண்டு. நம் நிறத்து ஆள் கரையேறினால், ஏதாவது ஓர் ஐரோப்பிய பாஷையில் சொல்வதை எழுது என்பார்கள். எழுதாவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான். வியாபாரிகள் என்பதால் எங்களை விட்டார்கள். நாங்கள் இறங்கிவிட்டோம்; பயம்தான் இறங்கவில்லை.

ரயிலில் போய்ச் சேர்ந்த ஊரை அவர்கள் 'சிட்டி' என்றார்கள். ஒரே ஒரு தெரு. ஆனால் என்ன தெரு! நம் சிராங்கூன் ரோடு நாலைந்தைப் பக்கம் பக்கமாகப் படுக்க வைக்கலாம். ஏன் இவ்வளவு அகலம்? ஜோடி ஜோடியாக நீளமாய்ப் பூட்டிய மாட்டு வண்டிகள் ஒரே சுற்றில் திரும்ப வேண்டுமாம். மனிதனுக்குப் போட்ட ரோட்டில் மாடு படுத்துக்கொள்வது நம் ஊர். மாட்டுக்குப் போட்ட ரோட்டில் மனிதன் ஓரமாக நடப்பது அந்த ஊர்.

தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆனால் ஹோட்டலில் எங்கள் முகத்தைப் பார்த்ததும் அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன! கடைசியில் ஊருக்கு வெளியே காய்கறித் தோட்டம் போட்டிருந்த ஒரு சீனர்தான் இடம் கொடுத்தார். சிங்கப்பூரில் கொஞ்ச காலம் இருந்தவர், மலாய் பேசினார். அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் தின்கிற கோஸும் கேரட்டும் அவர் தோட்டத்தில் விளைந்தவை. கோஸுக்கு மட்டும் எல்லா வீட்டிலும் இடம் உண்டு என்று சொல்லிச் சிரித்தார்.

சாயங்காலம் துரை வந்தார். பெரிய தொப்பி, சிவந்த முகம், கஞ்சத்தனமான பேச்சு.

"நாளைக் காலை உங்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறேன்" என்றார். போய்விட்டார்.

"என்ன சொல்றான்?" என்றார் வேலாயுதம் அண்ணன்.

நான் மொழிபெயர்த்தேன். "நாளைக்கு நம்மளை ஸ்டேஷன்ல கொண்டு போய் விடறாராம்."

"நாம இப்பத்தானே அங்கேருந்து வந்தோம்?"

"அதான் அண்ணே... திருப்பி அனுப்பறாங்க."

அண்ணன் மூட்டைமேல் உட்கார்ந்தார். சீனர் கொடுத்த சோற்றைத் தொடவில்லை. "நம்ம வண்டிக்காரனுங்க அத்தனை பேரும் கப்பல் வார்ஃபுக்கு வந்து நிப்பானுங்களே கிராணி" என்றார். அப்புறம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எட்டு ஆள் தூக்கும் மூட்டையைத் தனியாகப் புரட்டுகிற மனிதர் என்று பெயரெடுத்தவர் அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

காலையில் மூட்டை முடிச்சோடு தயாராக நின்றோம். ஒரு மாடு பார்க்க ஏன் இத்தனை மூட்டை என்று துரை கேட்கவில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டார். ரயில்வே ஸ்டேஷன் வந்தது. வண்டி நிற்கவில்லை.

"கிராணி! ஸ்டேஷன் போயிருச்சே!"

"அப்போ... இன்னொரு ஸ்டேஷனா இருக்கும் அண்ணே."

"போலீஸா? அடப்பாவி, நாம என்ன தப்புப் பண்ணோம்?"

போலீஸ் ஸ்டேஷனும் வந்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் துரைக்குக் கை காட்டினான். அதுவும் போய்விட்டது. பிறகு வெறும் புல்வெளி. ஓரிடத்தில் வேலிக் கதவைத் திறக்கச் சொன்னார். நான் இறங்கித் திறந்து, மூடிவிட்டு ஏறினேன். மறுபடியும் புல்வெளி. வெயில் உச்சிக்கு வந்தது. அண்ணன் மாரியம்மனுக்கு வேண்டுதல் வைத்து முடித்து, அடுத்த சாமியிடம் போயிருந்தார்.

துணிந்து கேட்டேன். "துரை அவர்களே, ஸ்டேஷன் எப்போது வரும்?"

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு கதவைத் திறந்தீர்களே, அப்போதே வந்துவிட்டது. இத்தனை நேரமும் ஸ்டேஷனுக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறோம்."

அந்தத் தேசத்தில் மாட்டுப் பண்ணைக்கு ஸ்டேஷன் என்று பெயராம்! நீங்களே சொல்லுங்கள் – ரயில் இல்லை, கைதி இல்லை, கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்லும் மாடும். அதற்கு ஸ்டேஷன் என்று பெயர் வைத்தவன் குற்றவாளியா, மொழிபெயர்த்தவன் குற்றவாளியா?

விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் திட்டவில்லை. சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை, இன்று ஊர் முழுக்கப் பரவியிருக்காது.

மாடுகளைப் பட்டியில் அடைத்திருந்தார்கள். திமிலும் அலைதாடியுமாக அசல் நம் ஊர் முகம். அண்ணன் ஆசையோடு "ஹை... ஹை... வாடா ராசா" என்றார். ஒன்றும் திரும்பவில்லை. கடல் கடந்தால் பேரன் தலைமுறைக்குத் தாய்ப்பாஷை மறந்துபோவது மனிதர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

துரை நல்ல கொழுத்த மாடுகளாகப் பிரித்து நிறுத்தினார். அண்ணன் ஒவ்வொன்றின் தொடையையும் பார்த்தார். அங்கே சூட்டுக்கோலால் எழுத்துப் போட்டிருந்தது. சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் இரண்டு மூன்று.

"இது வேண்டாம். இதுவும் வேண்டாம். அதுவும் வேண்டாம்."

"ஏன்?" என்றார் துரை. முகம் இன்னும் சிவந்தது.

"நல்ல மாட்டுக்கு ஒரு சூடுன்னு சொல்லு கிராணி. மூணு சூடு வாங்கியும் திருந்தாத மாடு நமக்கெதுக்கு?"

துரையிடம் போய்ப் பழமொழி சொல்வதா? நானோ இங்கிலீஷ் படித்தவன். "நிறம் பிடிக்கவில்லையாம்" என்று நாசூக்காகச் சொன்னேன். துரை உடனே வேறு நிறத்தில் நாலு மாடுகளைக் கொண்டுவரச் சொன்னார். அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாதுதான். ஆனால் என்னைத் தெரியும்.

"டேய், நான் சொன்னதை அப்படியே சொல்லு. என் கொட்டகைடா இது."

சொன்னேன். "நல்ல மாடு ஒரே தடவைதான் சுடப்படும்."

துரை தொப்பியைக் கழற்றினார். அங்கே மாடு கை மாறும்போதெல்லாம் புதுச் சொந்தக்காரன் தன் முத்திரையைப் போடுவானாம். மூன்று முத்திரை என்றால், வேலி தாண்டி, ஆளை முட்டி, மூன்று பேர் தலைமுழுகிய மாடு என்று அர்த்தம். தூரதேசத்து ஆள்தானே என்று அவற்றை எங்கள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார். இந்தக் கறுப்பு மனிதருக்கு எப்படித் தெரிந்தது என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். அண்ணன் நினைத்தது ஒன்று, அங்கே இருந்தது வேறொன்று. இரண்டும் ஒரே மாட்டில் வந்து முடிந்தன! நான் அதை விளக்கப் போகவில்லை. அன்றைக்கு மொழிபெயர்த்த வரை போதும்.

ஒற்றைச் சூட்டு மாடுகளோடு கப்பலேறினோம். வார்ஃபில் வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். அண்ணன் முதல் மாட்டின் கயிற்றை அவர்கள் கையில் கொடுத்தபோது என் கண்ணும் கலங்கியது. இரண்டாவது மாடு இறங்குவதற்குள் ஸ்டேஷன் கதையை ஆரம்பித்துவிட்டார்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். ரோடே பார்க்கிறது. ரிக்‌ஷாக்காரர்கள் பார்க்கிறார்கள். வேறு வழியில்லை. கோட்டைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, தெளிவான உச்சரிப்பில், "கெட் அப், ப்ளீஸ்" என்றேன்.

மாடு என்னைப் பார்த்தது. அசை போட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேலாயுதம் அண்ணன் வந்தார். அதன் திமிலில் தட்டி, "எந்திரிடா ராசா" என்றார். சட்டென்று எழுந்து நின்றது.

"அதுக்குத் தமிழ் வந்து ரொம்ப நாளாச்சு கிராணி" என்றார். "உனக்குத்தான் இன்னும் இங்கிலீஷ் வரலை."

நல்ல மாட்டுக்கு ஒரு சூடு போதும். எனக்கு இது இரண்டாவது.